"சைக்காலஜி படிக்க வந்தா எதுக்குக்கா ஸ்டாட்டிஸ்டிக்ஸ்?" - எட்டு டம்ளர் காபி சொன்ன பதில்!

ராத்திரி பதினொன்றரை மணி. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த நான், ஹாலில் லைட் எரிவதைப் பார்த்து நின்றுவிட்டேன். டைனிங் டேபிளில் சித்தி மகள். எதிரே தடிமனான ஒரு புத்தகம், கால்குலேட்டர், அடித்து அடித்து எழுதிய நோட்டு. கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, நான் டிப்பார்ட்மென்ட் மாறிடட்டுமா? இல்லைன்னா காலேஜே வேணாம், கும்பகோணத்துக்கே போயிடறேன்."

முதல் வருட பி.எஸ்ஸி சைக்காலஜி. எங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். ப்ளஸ் டூ-வில் கணக்கு இல்லாத குரூப். 'இனிமே கணக்கு முகத்துலயே முழிக்க வேணாம்' என்ற சந்தோஷத்தில் சேர்ந்தவள். முதல் இன்டர்னல் தேர்வில் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் 50-க்கு 9.

"மனுஷங்க மனசைப் புரிஞ்சுக்கலாம்னு வந்தேன்க்கா. இங்க வந்தா மீன், மீடியன், மோடுன்னு கணக்குப் போடச் சொல்றாங்க. ரிசர்ச் மெத்தட்ஸ்னு இன்னொரு பேப்பர் வேற. இதுக்கும் மனசுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "என்னடி, நடுராத்திரியில மீன் வேணுமாம்?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். ஆனால், அவள் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஜர்னலிசம் டிப்ளமோ படித்த எனக்கும் கணக்குக்கும் அவ்வளவு தூரம். பதில் கிடைத்தது அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. அதில் எனக்கும் ஒரு குட்டு சேர்த்து விழுந்தது. அந்தக் கதைதான் இந்த வாரம்.

அம்மாவின் நாக்கும் ஃபிஷரின் தேநீரும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு உண்டு. காபிக்கு டம்ளரில் முதலில் டிகாக்‌ஷனை ஊற்றி அதன்மேல் பாலை ஊற்ற வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். மாற்றிச் செய்தால் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவாராம். "கும்பகோணத்துல பொறந்தவகிட்ட காபியில விளையாடாதீங்க" என்பார்.

அந்த ஞாயிறு காலை, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த சித்தி மகள் திடீரென்று நிமிர்ந்தாள். "அக்கா, பெரியம்மா சொல்ற மாதிரியே ஒருத்தங்க இங்கிலாந்துல சொல்லியிருக்காங்க!"

ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் 1935-ல் வெளியிட்ட 'தி டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ்' புத்தகத்தில் வரும் கதை அது. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. ஃபிஷர் அதை மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. எட்டுக் கோப்பைகள் எடுத்தால் இதைச் சோதித்துவிடலாம் என்று திட்டம் போடுகிறார்.

"நாமளும் பார்ப்போமா பெரியம்மா?"

"தாராளமா பாரு. தோத்தா ஒரு வாரம் நீதான் பாத்திரம் தேய்க்கணும்."

எட்டு டம்ளர்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே பால், ஒரே டிகாக்‌ஷன், ஒரே அளவு சர்க்கரை. நான்கில் டிகாக்‌ஷன் முதலில், நான்கில் பால் முதலில். நாலுக்கு நாலு என்பது அம்மாவுக்கும் தெரியும். எது எது என்பதுதான் தெரியாது. சித்தி மகளே கலந்து, அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா முதல் மூன்றையும் பட் பட்டென்று சரியாகச் சொன்னார்.

நாலாவது டம்ளரைக் கையில் வாங்கிய அம்மா, காபியைப் பார்க்கவில்லை. இவள் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க! செல்லாது, செல்லாது" என்று கத்திவிட்டாள் சித்தி மகள்.

கணக்குப் போட்ட குதிரை

அவள் கத்தியதற்குக் காரணம் ஒரு குதிரை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல், கழித்தல் கணக்குக்கெல்லாம் காலால் தரையைத் தட்டி விடை சொன்னது. ஊரே வியந்தது. 1907-ல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஒரு எளிய மாற்றம் செய்தார். விடை தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்க வைத்தார். குதிரை தடுமாறிவிட்டது. அது கணக்குப் போடவே இல்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் முகத்திலும் உடம்பிலும் தன்னையறியாமல் வரும் சின்ன அசைவைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

இதில் உரிமையாளர் யாரையும் ஏமாற்றவில்லை. அவரே உண்மையாக நம்பினார். மனிதர்களை ஆராய்பவருக்கு இருக்கும் பெரிய ஆபத்தே இதுதான். எதிரில் இருப்பவர் நம் எதிர்பார்ப்பைப் படித்துவிடுவார், நமக்கே தெரியாது.

"பெரியம்மா ஏமாத்தலக்கா. என் மூஞ்சிதான் காட்டிக்கொடுத்திருக்கு. கலக்கறவங்க வேற, கொடுக்கறவங்க வேறயா இருக்கணும். கொடுக்கறவங்களுக்கும் எது எதுன்னு தெரியக் கூடாது. இதைத்தான் மேம் 'டபுள் பிளைண்ட்'னு சொன்னாங்க. போன வாரம் மனப்பாடம் பண்ணப்ப மண்டையில ஏறவே இல்ல!"

மறுபடி ஆரம்பித்தோம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் கலந்தேன். எந்த வரிசையில் கொடுப்பது என்பதைத் துண்டுச்சீட்டு குலுக்கிப் போட்டு முடிவு செய்தேன். டம்ளரின் அடியில் நம்பர் ஒட்டினேன். அவள் எதுவும் தெரியாமல் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்து, வாய் கொப்பளித்து, நாலு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்.

ரிசல்ட்? டிகாக்‌ஷன் முதலில் ஊற்றிய நான்கில் மூன்றைச் சரியாகப் பிரித்திருந்தார். ஒன்று இடம் மாறிவிட்டது. அதனால் பால் பக்கமும் ஒன்று தப்பு. மொத்தத்தில் எட்டுக்கு ஆறு சரி.

"பார்த்தியா? எழுபத்தஞ்சு மார்க்!" என்றார் அம்மா வெற்றிக் களிப்பில்.

எட்டுக்கு ஆறு போதுமா?

சித்தி மகள் நோட்டை எடுத்தாள். எட்டு டம்ளரில் நான்கைத் தேர்ந்தெடுக்க மொத்தம் 70 வழிகள் உண்டு. நான்கும் சரியாக அமைவது ஒரே ஒரு வழியில். மூன்று மட்டும் சரியாக அமைவது 16 வழிகளில். ஆக, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் மூன்றோ, நான்கோ சரியாக வர 70-க்கு 17 வாய்ப்பு. அதாவது சுமார் 24 சதவிகிதம்.

"பெரியம்மா, காபியே குடிக்காத நாலு பேர் சும்மா கை வெச்சு எடுத்தாக்கூட, கிட்டத்தட்ட ஒருத்தர் உங்க அளவுக்கு எடுத்திடுவாங்க. நாலும் சரியா வந்திருந்தா 70-க்கு ஒண்ணு. அப்ப நான் ஒத்துக்கிட்டிருப்பேன்."

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?"

"அதுதான் இல்ல. உங்களுக்குத் தெரியலைன்னு நான் சொல்லல. தெரியும்னு நம்ப இந்த எட்டு டம்ளர் பத்தல. அவ்ளோதான்."

அவளை அழவைத்த 'பி-வேல்யூ' என்பது இந்த 24 சதவிகிதம்தான். வெறும் ஊகத்திலேயே இவ்வளவு நல்ல ரிசல்ட், அல்லது இதைவிட நல்ல ரிசல்ட், வர எவ்வளவு வாய்ப்பு என்பதே அந்த எண். உளவியலில் பொதுவாக இது 5 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால்தான் 'கவனிக்கத்தக்கது' என்பார்கள். இங்கே நிறைய பேர் வழுக்கி விழுவார்களாம். 24 சதவிகிதம் என்றால், அம்மா ஊகித்திருக்க வாய்ப்பு 24 சதவிகிதம் என்று அர்த்தம் இல்லை. ஊகித்ததாக வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த ரிசல்ட் எவ்வளவு சாதாரணம் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

அன்று அவள் முகத்தில் ஒரு தெளிவு. "அக்கா, புத்தகத்துல ஃபார்முலா முதல்ல வருது, கேள்வி கடைசியில வருது. அதான் புரியல. கேள்வியை முதல்ல வெச்சா ஃபார்முலா தானா வருது."

மீன், மீடியனையும் அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு மாடியில் ஐந்து வீடுகள். நான்கு வீடுகளில் மாதம் 30,000 ரூபாய் வருமானம், ஐந்தாவது வீட்டில் 4,80,000. கூட்டி வகுத்தால் சராசரி 1,20,000. அந்த மாடியில் யாருமே அந்தத் தொகையைச் சம்பாதிக்கவில்லை! வரிசையில் நிற்கவைத்து நடுவில் இருப்பவரைக் கேட்டால் 30,000. அதுதான் மீடியன். 'எங்க ஏரியாவுல சராசரி வருமானம் லட்சத்துக்கு மேல' என்று யாராவது சொன்னால், இனி நீங்களும் நடுவில் நிற்பவரைக் கேளுங்கள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனவர் கோசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். நாலைந்து மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பது என்பது அவருடைய தொழில் பிரச்னை. சொந்தப் பெயரில் எழுத கம்பெனி அனுமதிக்காததால், 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க சைக்காலஜி மாணவர்கள் போடும் 'ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்' அவருடையதுதான். "பேர்லயே மாணவர்னு இருக்குக்கா. எனக்காகவே எழுதின மாதிரி இருக்கு" என்றாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு ஜாலி கட்டுரை.

அந்தத் தலைப்பு என்னுடையது

டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு அக்கா வந்தார். கணவருக்கு வெளியூரில் வேலை. இரண்டேகால் வயது மகனோடு தனியாக இருக்கிறார். பையன் 'அம்மா', 'தா' தவிர இன்னும் பெரிதாகப் பேசவில்லை.

"எல்லாம் என்னாலதான்டி" என்று உட்கார்ந்தார். "சமைக்கறப்ப, துணி துவைக்கறப்ப அவன்கிட்ட போனைக் கொடுத்துடுவேன். அதான் என் புள்ளை வாயைக் கட்டிடுச்சு. ரெண்டு மாசம் முன்னாடி வாட்ஸ்அப்புல இது வந்துச்சு. அன்னையிலருந்து போனைக் கண்ணுலயே காட்டறதில்ல. பேச்சு வரட்டும்னு காத்திருக்கேன்."

போனை நீட்டினார். 'செல்போன் காட்டினால் குழந்தைக்குப் பேச்சு வராது... அதிர்ச்சி தரும் ஆய்வு!'

கீழே இருந்த பெயர் என்னுடையது.

அப்போது நான் வேறு ஒரு தளத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஏஜென்சி செய்தி ஒன்றைப் பதினைந்து நிமிடத்தில் தமிழில் தட்டிப் போட்டது அது. அன்று நல்ல வியூஸ் வந்ததாகக்கூட ஞாபகம்.

சித்தி மகள் என்னைத் திட்டவில்லை. கேள்விதான் கேட்டாள். "அக்கா, யாரை வெச்சுப் பண்ணாங்க? எப்படி அளந்தாங்க? 'தொடர்பு'ன்னு சொன்னாங்களா, 'காரணம்'னு சொன்னாங்களா?"

மூலத்தைத் தேடிப் பிடித்து இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். 2023-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு. 7,097 தாய்-சேய் ஜோடிகள். ஒரு வயதில் திரை பார்த்த நேரம் அதிகம் இருந்த குழந்தைகளிடம், 2 வயதிலும் 4 வயதிலும் தகவல் தொடர்பிலும் சிக்கலைத் தீர்க்கும் திறனிலும் தாமதம் கூடுதலாகக் காணப்பட்டது. 'திரை' என்றால் டி.வி, வீடியோ கேம், டேப்லெட் எல்லாமும்தான். செல்போன் மட்டும் இல்லை. நேரத்தை அளந்ததும் தாய்மார்கள் நிரப்பிய படிவத்தின் மூலம். ஆய்வாளர்கள் சொன்ன சொல் 'தொடர்பு'. 'வராது' என்பது நான் சேர்த்தது.

"ரெண்டு விஷயம் சேர்ந்து வந்தா, ஒண்ணால இன்னொண்ணு வந்துச்சுன்னு அர்த்தம் இல்லக்கா" என்றாள் அவள். "திரையால பேச்சு தாமதமாகலாம். ஏற்கெனவே கொஞ்சம் மெதுவா வளர்ற குழந்தையைச் சமாளிக்க வீட்டுல திரையை அதிகமா காட்டியிருக்கலாம். இல்ல, ரெண்டுக்கும் பின்னாடி மூணாவதா ஒண்ணு இருக்கலாம். தனியா இருக்கற அம்மா, ஓயாத வேலை, மன அழுத்தம் இப்படி."

அந்த ஆய்வாளர்கள் தாயின் வயது, வருமானம், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறார்கள். அப்படியும் 'தொடர்பு' என்ற சொல்லைத் தாண்டவில்லை. உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வருடக்கணக்கில் திரையைக் காட்ட வேண்டும். எந்த நெறிமுறைக் குழு அதற்கு அனுமதி தரும்? செய்யக் கூடாததைச் செய்யாமல், இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் சொல்லலாம் என்று கற்றுக்கொடுப்பதுதான் ரிசர்ச் மெத்தட்ஸ்.

என்னை உறுத்தியது இன்னொன்று. காரணம் தெரிந்துவிட்டது என்று நம்பியதால், அந்த அக்கா டாக்டரிடம் போகவே இல்லை. இரண்டு மாதம்.

மறுநாள் மூவரும் குழந்தைகள் நல மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் எழுதிக்கொடுத்தது காது கேட்கும் திறன் பரிசோதனை. பையனின் நடுக்காதில் நீர் கோத்திருந்தது. கேட்பது குறைந்திருந்தது. "அப்ப இதுதான் காரணமா டாக்டர்?" என்றார் அக்கா. "ஒரு காரணமா இருக்கலாம்மா. இதுதான்னு இப்பவே முடிவு கட்ட வேணாம். காதுக்குச் சிகிச்சை பார்ப்போம், ஸ்பீச் தெரபி ஆரம்பிப்போம். போனையும் குறைச்சே வைங்க" என்றார் மருத்துவர். சித்தி மகள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். 'பார்த்தியா, அவங்க எப்படிச் சொல்றாங்க' என்று அர்த்தம்.

போன் கொடுக்கலாம் என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த வழிகாட்டல். பேச்சு தாமதம் என்று தோன்றினால், காரணத்தை நாமே முடிவு செய்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பழைய தளத்துக்கு எழுதி, தலைப்பை மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கிரீன்ஷாட்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஃபார்வர்டு பண்ணும் முன் நாலு கேள்வி

உளவியல் துறையும் இதில் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. 2015-ல் உலகின் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, முன்னணி இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவிகிதம் 'கவனிக்கத்தக்க' ரிசல்ட் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவிகிதம்தான் அப்படி வந்தன. அதை மறைக்காமல் தாங்களே வெளியிட்டார்கள் பாருங்கள், அதற்காகவே எனக்கு இந்தத் துறைமேல் மரியாதை கூடிவிட்டது.

அதனால் இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் நான்கு கேள்விகள் ஒட்டியிருக்கின்றன. எத்தனை பேரை வைத்துப் பார்த்தார்கள், அவர்கள் யார்? எப்படி அளந்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? சொன்னது தொடர்பா, காரணமா? ஆய்வுச் செய்தி எது வந்தாலும் இந்த நான்கையும் கேட்டுவிட்டுத்தான் ஃபார்வர்டு. என் டெஸ்க் கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது சைக்காலஜி சேர்ந்து, ஸ்டாட்டிஸ்டிக்ஸைப் பார்த்து மிரண்டிருக்கிறார்களா? அவர்களுக்காகச் சித்தி மகள் சொல்லச் சொன்னது: "கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் தெரிஞ்சா ஆரம்பிக்கப் போதும். முதல்ல பத்து நம்பரை வெச்சு கையால போட்டுப் பாருங்க, கிராஃப் வரைஞ்சு பாருங்க. அப்புறம் ஜமோவி, ஜாஸ்ப்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பெரிய கணக்கை அது போட்டுக்கும். ஆனா, என்ன கேள்வி கேக்கணும்னு அது சொல்லாது. அது நம்ம வேலை."

அடுத்த இன்டர்னலில் அவளுக்கு 50-க்கு 28. பெரிய மார்க் இல்லை. ஆனால், ஊருக்குப் போகும் பேச்சு நின்றுவிட்டது. பையனுக்குத் தெரபி நடக்கிறது. போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் நின்று 'காக்கா' என்றான். எதனால் வந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அம்மா மட்டும் விடுவதாக இல்லை. "எட்டு பத்தலைன்னா இன்னும் நாலு வை" என்று மறுபரிசோதனை கேட்டிருக்கிறார். பன்னிரண்டு டம்ளர் என்றால் தேர்ந்தெடுக்கும் வழிகள் 70-லிருந்து 924 ஆகிவிடும். ஆறில் ஒன்று தவறினாலும்கூட, ஊகத்தில் அப்படி வர 924-க்கு 37 வாய்ப்புதான். அதாவது 4 சதவிகிதம். டம்ளர் கூடினால், ஒரு தப்பை மன்னிக்கலாம்.

ஆறில் ஐந்து சரியாக வந்தால் அம்மா ஜெயித்ததாக ஒப்புக்கொள்வோம், நான்கு வந்தால் இல்லை என்று இப்போதே எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள் சித்தி மகள். ரிசல்ட் வந்த பிறகு விதியை மாற்றக் கூடாதாம்.

சோதனை வரும் ஞாயிறு காலை. முடிவு எதுவாக இருந்தாலும் அடுத்த வாரம் இங்கே எழுதுகிறேன். தலைப்பை மட்டும் இந்த முறை அவளிடம் காட்டிவிட்டுத்தான் போடுவேன்.